நீச்சல் குளத்துப் படம்

காவேரிக்குப் பிடித்த படங்களில் யாரும் சோறு ஆக்குவதில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு குண்டான் கழுவுகிற சத்தம்கூடக் கேட்காது. கண்ணாடிச் சுவர், கொல்லைப்பக்கம் நீச்சல் குளம், எந்நேரமும் மழை. சிவப்பு கவுன் போட்ட ஒருத்தி மாடிப்படியில் இறங்கி வருவாள். அவள் புருஷன் போன வாரம்தான் செத்திருப்பான், இவள் தலையில் ஒரு முடி கலைந்திருக்காது. விசாரிக்க வந்த போலீஸ்காரன் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு அவள் கழுத்தையே பார்ப்பான். கழுத்தில் முத்தம் கொடுத்த கையோடு இருவரில் ஒருவர் தலையணைக்கு அடியில் கத்தியைத் துழாவுவார். எந்த நாட்டுப் படமோ, எல்லோரையும் தமிழ் பேச வைத்திருப்பார்கள். "உன்னை அடைந்தே தீருவேன், எலிசா" என்று ஒருவன் மூக்கால் சொல்லும்போது காவேரிக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும்.

இதையெல்லாம் அவள் போனில் பார்ப்பது தக்காளித் தோட்டத்து மோட்டார் ரூமில். த்ரீ ஃபேஸ் கரண்ட் ஒரு வாரம் காலையில் வரும், ஒரு வாரம் மத்தியானத்தில் வரும். வந்ததும் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டு, சொட்டுநீர்க் குழாயின் முதல் வால்வைத் திறந்துவிட்டால், அந்தப் பகுதி நனையும் வரை உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கணவன் அர்ச்சுனன் விடியுமுன் பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் பழம் ஏற்றிக்கொண்டு போய், வந்து, சாப்பிட்டுப் படுத்துவிடுவான். மோட்டார் போடுகிற சத்தத்தில் எலிசா என்ன முனகினாலும் வெளியே கேட்காது. ஒரு படத்தைப் பார்த்து முடிக்க அவளுக்கு நாலைந்து பாய்ச்சல் ஆகும்.

முதல் தடவை கை தவறித்தான் பட்டது. அம்மன் படம் தேடினாள்; அம்மனுக்குக் கீழேயே சிவப்பு கவுன்காரி நின்றிருந்தாள். இரண்டாவது தடவைக்கு அப்படிச் சாக்குச் சொல்ல முடியாது. பார்த்து முடித்ததும் மோட்டார்த் தண்ணீரில் முகம் கழுவுவாள், முந்தானையால் அழுத்தித் துடைப்பாள், இனிமேல் இல்லை என்பாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால், இத்தனை வருடக் குடித்தனத்தில் தன் கழுத்தை யாரும் அப்படி நின்று பார்த்ததில்லை என்பதும் உண்மை. தக்காளிப் பெட்டி சுமந்த கழுத்து அது. இரண்டும் சேர்ந்து அவளைப் பாடாய்ப் படுத்தின.

ஊரில் அவள் மகளிர் குழுத் தலைவி. டிவியில் நாயகன் நாயகியின் கன்னத்தருகே குனிந்தாலே ரிமோட்டைத் தேடுகிறவள். மகள் காவியா காலேஜில் படிக்கும்போது ஏதோ காதல் படத்தை போனில் பார்த்தாள் என்று, போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டுப் பூட்டியவள். அந்தக் கதையைச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

படம் பார்க்கிற கணக்கு மருமகன் ரஞ்சித்குமாருடையது. ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கிறவன். கல்யாணமான புதிதில் வந்தபோது, "சீரியல் பாருங்க அத்தை, காசு நான் கட்டிட்டேன்" என்று அவனே தன் கணக்கை அவள் போனில் போட்டுக் கொடுத்தான். ஓசூரில் அவன் பார்த்தாலும், காவியா பார்த்தாலும், தோட்டத்தில் அத்தை பார்த்தாலும் எல்லாம் ரஞ்சித்குமார் என்ற ஒரே பெயருக்குக் கீழேதான் சேரும். அது யாருக்கும் உறைக்கவில்லை.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் முடிந்ததும் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவான். காவியா வந்தாள். வந்த ஐந்தாறு நாளில் ஒரு மத்தியானம், சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த காவேரியின் முகத்துக்கு நேரே தன் போனை நீட்டினாள்.

"பாரும்மா இதை. நான் இந்தப் பக்கம் வந்ததும் உன் மாப்ள பண்ற வேலையைப் பாரு."

விட்ட இடத்திலிருந்து பார்க்கச் சொல்லி வரிசையாகப் படங்கள் நின்றன. முதலில் நின்றது நீச்சல் குளத்துப் படம். முந்தின நாள்தான் காவேரி அதைத் தொடங்கியிருந்தாள். அவள் கையிலிருந்த வெங்காயம் உருண்டு அடுப்புக்கு அடியில் போனது.

"கண்ணு, வேற யாராவது பாத்திருப்பாங்க."

"வேற யாரு? அவருகிட்ட கேட்டா, கல்யாணத்துக்கு முன்னாடி ரூம்ல கூட இருந்த பசங்க எவனாவது இருக்கும்னு மழுப்பறாரு. அவங்க எல்லாம் காலி பண்ணி எத்தினி மாசம் ஆச்சு! இங்க யாரு பாக்கப் போறாங்க? அப்பாவா? அப்பாவுக்கு தக்காளி வெலை வர்ற மெசேஜையே நான் படிச்சுக் காட்டணும்."

காவேரி வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தாள். காவியா அம்மாவின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.

"அப்ப நீயா?" என்று கேட்டாள். கேட்ட மறு நொடியே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நீச்சல் குளத்தையும் அம்மாவின் வெங்காயக் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க ஏனென்று சொல்லாமல் அழுத பெண் முதல் தடவையாகச் சிரிக்கிறாள். காவேரியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்த பிறகு சொல்வதற்கு வழியே இல்லாமல் போயிற்று.

அன்று முதல் தொடுவதில்லை என்று இருந்தாள். சாமி மேல் ஆணையாக நான்கு பாய்ச்சல் வரை தொடவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். ஐந்தாவது பாய்ச்சலுக்கு அர்ச்சுனனே பின்னால் ஓடிவந்து, "போனை மறந்துட்டுப் போறயே, அவசரம்னா எப்படிக் கூப்புடறது" என்று கையில் திணித்துவிட்டுப் போனான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எலிசாவுக்கு அச்சு அசலாக அவளைப் போலவே ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்கிற இடத்தில் நிறுத்தியிருந்தாள். கொன்றது அக்காவா தங்கச்சியா என்று மட்டும் தெரிந்துகொண்டு விட்டுவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தெரிந்துகொள்வதற்குள் கரண்ட் போய்விட்டது.

அன்று சாயந்திரம் வீடே அதிர்ந்தது.

"அவ்வளவு சண்டை போட்டும் இன்னிக்கு மறுபடியும் பாத்திருக்காரும்மா! வேலை நேரத்துல! என்னை என்னான்னு நெனச்சிருக்காரு? நான் போமாட்டேன். ஆடி முடிஞ்சாலும் போமாட்டேன்."

காவேரி அடுப்படியில் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டிப்போடலாம் போலிருந்தது.

ஆவணி முதல் ஞாயிறு ரஞ்சித்குமார் பூ, இனிப்பு, பழத்தோடு வந்தான். காவியா அறையை விட்டு வரவில்லை. அர்ச்சுனன் தன் பெரியப்பா மகன் சென்னப்பனைக் கூப்பிட்டு வைத்திருந்தான். ஊரில் யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி தகராறு என்றாலும் பேசி முடிக்கிறவர் அவர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் காபியை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

"மாப்ள, வயசு கோளாறுதான். இருந்தாலும் புள்ளை மனசு ஒடைஞ்சு கெடக்குது. பாத்தீங்களா இல்லீங்களா?"

"இல்லீங்க மாமா. சத்தியமா நான் பாக்கலைங்க."

"பாக்கலைனா பெறவு என்னா? ரொம்ப சுலுவு. சூடத்தை அணைச்சிடுங்க. நீங்க அணைச்சா புள்ளை இப்பவே பொட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பும். ஏங்கண்ணு?"

அறைக்குள்ளிருந்து காவியா, "அணைக்கட்டும், வர்றேன்" என்றாள். கதவைத் திறந்துகொண்டு வந்தும் நின்றாள். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் உள்ள பயம்.

"காவேரி, தட்டுல சூடம் எடுத்தாம்மா" என்றார் சென்னப்பன்.

அவள்தான் எடுத்துவந்தாள். அவள்தான் பற்றவைத்தாள். முனியப்பன் படத்துக்கு முன்னால் மருமகனுக்கு நேரே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவள்தான். அவனுக்கென்ன, அவன் பார்க்கவில்லை, அணைத்துவிடுவான், எல்லாம் முடிந்துவிடும் என்று அவள் மனதுக்குள் கும்பிட்டாள்.

அவன் கையை நீட்டினான். பாதியில் நிறுத்திவிட்டு, "ஒரு நிமிஷங்க மாமா. எந்த போன்ல ஓடுச்சுன்னு இதுலயே காட்டும். அதையும் பாத்துரலாம், அவளுக்கும் சந்தேகம் இருக்காது" என்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். மெஷினைத் திறந்து பார்க்கிறவன் புத்தி. இது ஏன் முன்னமே தோன்றவில்லை என்று தன்னையே கடிந்துகொண்டு எதையோ தட்டினான்.

காவேரி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்படி ஒன்று போனில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

ரஞ்சித்குமார் படித்தான். இன்னொரு தடவை படித்தான். அந்த போனை அவனேதான் பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்திருந்தான், அதன் பெயர் அவனுக்கு மறக்காது. நிமிர்ந்தபோது அவன் கண்ணுக்கு நேரே, சூடத்து வெளிச்சத்தில், அத்தையின் முகம் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னா மாப்ள, காட்டுதா?" என்றான் அர்ச்சுனன்.

"இல்லீங்க மாமா. நெட்டு வரலை."

"போன் கெடக்குது. சூடம் எரிஞ்சு போவுதுங்க, அணைங்க" என்றார் சென்னப்பன்.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அணைத்தால் அவன் தப்பிப்பான். அப்புறம் யார் பார்த்தது என்று வீடே தேடும். காவேரிக்கு அது புரிந்தது. இப்போது சொல்ல வேண்டும், இந்தச் சூடம் தீருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நான்தான் என்று இரண்டே வார்த்தை. அர்ச்சுனனைப் பார்த்தாள். கதவோரம் நின்ற மகளைப் பார்த்தாள். சூடம் குறுகி, நீலமாகி, தானாகவே அணைந்தது. தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது.

"நான்தாங்க பாத்தேன்" என்றான் ரஞ்சித்குமார். "தப்புதாங்க. இனிமே பாக்கமாட்டேங்க."

காவியா ஓவென்று அழுதாள். சென்னப்பனுக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. ஒழுக்கம், குடும்பம், செல்போன் என்று நீளமாகப் பேசினார். அர்ச்சுனன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். காவேரி கொல்லைக்குப் போய்த் தட்டின் கறுப்பு வட்டத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒத்துக்கொண்டானே என்ற ஒரே காரணத்துக்காகக் காவியா கிளம்பச் சம்மதித்தாள். ஆனால் சும்மா கிளம்பவில்லை. கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினாள், எல்லா போனிலிருந்தும் அதை எடுத்துவிட்டாள். தன் போனில் மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டாள். பிறகு அம்மாவின் போனை வாங்கி அதிலும் போட்டாள்.

"எனக்கும் உனக்கும் மட்டுந்தான் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் அசந்துட்டாலும் நீ தினம் ஒருவாட்டி தொறந்து பாரு. ஏதாவது ஓடியிருந்தா எனக்குச் சொல்லு. உன்னை விட்டா நான் யாரைம்மா நம்பறது?"

கார் ஏறும்போது ரஞ்சித்குமார் எப்போதும் போல், "வர்றேங்க அத்தை" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், ஏதோ அவன்தான் அவளுக்கு முன்னால் துணியில்லாமல் நின்றவன் போல.

அந்த வாரம் காலை கரண்ட். மோட்டாரைப் போட்டு, வால்வைத் திறந்து, காவேரி காவலுக்கு உட்கார்ந்தாள். மகள் சொன்னபடி தினம் திறந்து பார்த்தாள். நீச்சல் குளத்துப் படம் அவள் விட்ட இடத்திலேயே நின்றது. தொட்டால், பாஸ்வேர்டை எப்படியோ கண்டுபிடித்துவிட்டான் என்று அது அவன் தலையில் விழும். அக்காவா தங்கச்சியா என்று இந்த ஜென்மத்தில் தெரியப் போவதில்லை. இதுதான் தண்டனை என்றால் ரொம்பச் சின்ன தண்டனை என்று நினைத்து மூடிவைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை திறந்தபோது படத்துக்கு அடியிலிருந்த சிவப்புக் கோடு கடைசி வரை ஓடியிருந்தது. யாரோ முடித்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில், அவள் தொட்டே பார்க்காத வேறொரு படம், ஒரு டாக்டரும் அவன் பெண்டாட்டியும் ஈரத்தோடு நிற்கிற படம், பாதியில் நின்றது.

அவளுக்கு முதலில் மருமகன் நினைவுதான் வந்தது. அவனுக்குத்தான் பாஸ்வேர்டு தெரியாதே. இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி இங்கே மோட்டார் ரூமில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் அதை மூடுவதற்குள் காவியா கூப்பிட்டாள். வழக்கமாகக் கூப்பிடுகிற நேரமில்லை.

"அம்மா, அதைத் தொறந்து பாத்தியா?"

"பாத்தேன் கண்ணு."

"ஏதாவது... ஓடியிருக்குதா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

காவேரி மோட்டார் ரூம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒண்ணும் ஓடலை. அப்பிடியேதான் இருக்குது."

காவியா மூச்சு விடுவது இங்கே கேட்டது.

"மாப்ள நல்லா இருக்கறாரா?"

"இருக்காரு. நான் இன்னும் சரியா பேசறதில்லம்மா. எப்படித்தான் அந்த மாதிரி படத்தையெல்லாம் மனசு வந்து பாக்கறாங்களோ. அவரு முகத்தைப் பாத்தாலே எனக்கு அதான் ஞாபகம் வருது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்பிடியே கெடக்கட்டும்."

காவேரியின் வாய் திறந்தது. அந்தப் பையன் ஒன்றும் செய்யவில்லையடி, அவன் ஒருத்தன்தான் அதைப் பார்க்காதவன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதே வாய்க்கு இன்னொன்றும் கேட்க வேண்டும் போலிருந்தது. கொன்றது அக்காவா, தங்கச்சியா?

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"வால்வு மாத்தணும் கண்ணு, வெச்சிடறேன்" என்றாள் காவேரி.