கோலிக்குண்டு ஏன் நின்றது

சும்மா கிடக்கிற பொருள், யாராவது தள்ளினால் ஒழிய, சும்மாவேதான் கிடக்கும். நியூட்டனின் முதல் விதியை நான் இப்படித்தான் தொடங்குவேன். கடைசி பெஞ்சிலிருந்து "எங்களை மாதிரியா மிஸ்?" என்று ஒரு குரல் வரும். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இதை வருஷா வருஷம் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அந்த விதி என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

என் மகள் மாளவிகாவுக்கு உராய்வு பற்றி ஒரு புராஜெக்ட். கோலிக்குண்டைத் தரையிலும் பாயிலும் துண்டின் மேலும் உருட்டி, எதில் அதிக தூரம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹால் நடுவில் கோலியை வைத்துவிட்டு அளவு டேப்பை எடுக்கத் திரும்பினாள்.

"அம்மா, நான் இன்னும் தள்ளவேயில்ல. அதுவா போகுது."

போய்க்கொண்டுதான் இருந்தது. அவசரமே இல்லாமல் கிளம்பி, போகப் போக வேகம் பிடித்து, எங்கள் படுக்கையறைக்குள் நுழைந்து, தென்மேற்கு மூலையில் டக்கென்று முட்டியது. ஃபேனை நிறுத்தினோம், ஜன்னலைச் சாத்தினோம், மறுபடி வைத்தோம். மறுபடியும் அதே மூலை. எதிர்ப்பக்கம் உருட்டிவிட்டால் கொஞ்சம் போய், தயங்கி நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பி வந்தது. மாளவிகா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் முதுகு சில்லிட்டது, மறைப்பானேன்.

கொஞ்சம் நிதானமாக யோசித்ததும் விஷயம் புரிந்தது. யாரும் தள்ளாமல் ஒரு பொருள் கிளம்பாது. இதை இழுப்பது பூமி. அப்படியானால் தரை சாய்ந்திருக்கிறது. இது புரிந்த பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. பெருங்களத்தூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். கீழே மூன்று வீடுகள் சாயாமல் எங்கள் தரை மட்டும் எப்படிச் சாயும்? ஏரியைப் பார்த்த வீடு என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏரி எங்கே என்று கேட்டதற்கு, "முன்னாடி இங்கதான் மேடம் இருந்துச்சு" என்று காலடியைக் காட்டினான் விற்க வந்தவன். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் கணவர் பட்டாபிராமன் எங்கள் அபார்ட்மெண்ட் அசோசியேஷனின் செயலாளர். அவரிடம் சொன்னேன்.

"டைல்ஸ் போட்டவன் தண்ணி ஓட வாட்டம் விட்டிருப்பான், ரமா."

"ஹாலுக்கு எதுக்கு வாட்டம்? அதுவும் பெட்ரூமைப் பார்த்து?"

அந்த வாரத்திலேயே இன்னொன்றையும் பார்த்தேன். வடகிழக்குச் சுவரில், பூஜை அலமாரிக்கு மேலே, முருகன் படம் போட்ட காலண்டர் தொங்குகிறது. அதன் அடிப்பக்கம் சுவரைத் தொடவில்லை. என் விரல் உள்ளே நுழைந்தது. காலண்டர் நேராகத்தான் தொங்கியது, சுவர்தான் அதன் மேல் கவிழ்ந்துகொண்டிருந்தது. பட்டாபிராமனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் என்ன செய்வது?

தரைத்தளத்தில், எங்களுக்கு நேர் கீழே, அமலராணி தனியாக இருக்கிறார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், மூட்டு வலியால் அதிகம் நடமாட மாட்டார். "மிஸ், என் பீரோ கதவு தானா தொறந்துக்குது. ஃபாதர் வந்து மந்திரிச்சு தீர்த்தம் தெளிச்சாரு. நேத்தும் தொறந்துச்சு" என்றார் மெல்லிய குரலில்.

"அது பேய் இல்லக்கா" என்றேன். பேயாகவே இருந்திருக்கலாம்.

அசோசியேஷன் கூட்டத்தில் எஞ்சினியரைக் கூப்பிடச் சொன்னேன். அவர்கள் கூப்பிட்டிருந்தது வாஸ்து பார்க்கும் ஜெயவேலுவை. தென்மேற்கான கன்னி மூலை கனமாக இருக்க வேண்டும், வடகிழக்கான ஈசானிய மூலை லேசாக இருக்க வேண்டும் என்பது வாஸ்து. எங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியோ ஈசானியத்தில் இருந்தது.

"கன்னி மூலைல பாரமே இல்ல சார். அதான் கோலிகூட அந்த இடத்தைத் தேடிப் போகுது. டேங்கை அங்க மாத்திடுங்க, எல்லாம் அடங்கிடும்" என்றார் ஜெயவேலு.

நான் எழுந்து நின்றேன். "சாயற பக்கத்துலயே பாரத்தை ஏத்துவாளா யாராவது? இந்தப் பக்கம் இருக்கிற எடையையும் எடுத்து அந்தப் பக்கம் வைக்கப் போறேளா?"

"இது ஸ்கூல் இல்ல, ரமா" என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். ஏரியைப் பற்றிச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. நானே தாம்பரத்தில் ஒரு கட்டட எஞ்சினியரைத் தேடிப் பிடித்தேன். சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். தொட்டிக்கு நல்ல நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது.

அன்றைக்கு நான் லீவு போட்டேன். கன்னி மூலையில் ஏற்றிய புதுத் தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, மோட்டாரைப் போட்டார்கள். தொட்டி நிரம்பியதும் பட்டாபிராமன் கமிட்டி ஆட்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஹாலுக்கு வந்தார். மாளவிகாவிடம் கோலியை வாங்கித் தரையில் வைத்தார்.

அது கொஞ்சம் உருண்டது. ஹால் நடுவில் நின்றது.

கைதட்டல் காதைப் பிளந்தது. "பார்த்தியா?" என்றார் என்னிடம், சின்னப் பிள்ளை மாதிரி. தோற்றுப்போனதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வீடு பிழைத்தது, நாங்கள் பிழைத்தோம்.

ஆனால் அந்த விதிக்கு இன்னொரு பாதி உண்டு. ஓடுகிற பொருள், ஏதாவது தடுத்தால் ஒழிய, ஓடிக்கொண்டேதான் இருக்கும். தரை மட்டமாகியிருந்தால் கோலி கிளம்பியே இருக்கக் கூடாது. அவர்கள் அது நின்றதைப் பார்த்தார்கள். நான் கிளம்பியதையும் பார்த்தேன். அப்படியானால் எது தடுத்தது?

மண்டியிட்டுப் பார்த்தேன். டைல்ஸின் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு கோடு. காலையில் பெருக்கும்போது அது இல்லை. கோலி அதில் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது.

"எல்லாரும் கீழ இறங்குங்க" என்றேன்.

பட்டாபிராமன் குனிந்து பார்த்தார். மாளவிகாவை என்னிடம் தள்ளிவிட்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கத்திக்கொண்டே இறங்கினார். எல்லோரும் தெருவுக்கு வந்த பிறகுதான் அமலராணி இல்லாதது தெரிந்தது. மாளவிகாவைத் தெருவில் நிறுத்திவிட்டு நானும் பட்டாபிராமனும் உள்ளே ஓடினோம்.

அமலராணியின் கதவு உள்பக்கம் திறப்பது. தாழ்ப்பாள் போடாமல்தான் வைத்திருப்பார். தள்ளினோம். ஒரு விரல் அளவு நகர்ந்தது, பிறகு எங்களையே திருப்பித் தள்ளியது. உள்ளே யாரோ தோளைக் கொடுத்துத் தள்ளுகிற மாதிரி, விட்டு விட்டு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் தள்ளியது. மனுஷி பயத்தில் கதவைத் திறப்பதாக நினைத்து எங்களுக்கு எதிராகத் தள்ளுகிறார் என்று புரிந்தது. இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளினால் கதவு எங்கே நகரும்?

"அக்கா, நீங்க தள்ளாதீங்க! விட்டுட்டுப் பின்னாடி போங்க!" என்று கத்தினேன். தள்ளல் நிற்கவில்லை. தெருவிலிருந்து எங்கள் பின்னாலேயே ஓடி வந்த இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். கதவு நடுவில் பிளந்து விழுந்தது.

கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அமலராணி கடைசி அறையில், நாற்காலியில், ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கால் வரலையே மிஸ். நான் எந்திரிக்கவே இல்லையே" என்றார்.

நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தோம். தெருவில் இறக்கி வைத்து மூச்சு விடுவதற்குள், தொட்டி மாலையோடு மெல்லத் தலை குனிந்தது. தென்மேற்கு மூலை, பெரிய சத்தம் எதுவும் போடாமல், அமலராணி வீட்டு ஜன்னல் வரைக்கும் மண்ணுக்குள் இறங்கி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"கதவை யாரு பிடிச்சுக்கிட்டு இருந்தது மிஸ்?" என்று கேட்டார் அமலராணி. கதவு நிலை கோணியிருக்கும், மேலேயிருந்த அத்தனை எடையும் அதில் வந்து அழுத்தியிருக்கும் என்று விளக்கினேன். சரியான விளக்கம்தான். ஆனால் அந்தக் கதவில் இருந்த மூச்சு இன்னும் என் தோளில் இருக்கிறது.

சேலையூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். பால் காய்ச்சுவதற்கு முன்னால் பட்டாபிராமன் ஒரு புதுக் கோலியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஹால் நடுவில் வைத்தார்.

அது நின்றது. நாங்கள் மூன்று பேரும் மண்டியிட்டு, அது ஏன் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.