பச்சைத் துணியும் மஞ்சள் துணியும்

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே சாமியாத்தாள் வயலில் இறங்கிவிட்டாள். முந்தின நாள் அடித்த சூறைக்காற்றில் அவளுடைய குத்தகை வாழையில் பாதி மண்ணோடு கிடந்தது. சாய்ந்து நின்றவற்றைத் தோள்கொடுத்து நிமிர்த்தி, சவுக்குக் கம்பை முட்டாக ஊன்றி, பழைய சீலையைக் கிழித்துக் கட்டினாள். வாழைப்பால் கையிலும் கழுத்திலும் வழிந்து கறுத்தது. பச்சைத் துணி அவளுடையது. அடுத்த வயலில் இன்னொரு குத்தகைக்காரர் செங்கோடன் வீட்டு மஞ்சள் துணி. கோபி நகருக்குப் பக்கத்து அந்த வாய்க்கால் பாசனத்தில் குத்தகைக்கு எழுத்து என்று ஒன்று இருந்ததில்லை. அவரவர் கட்டிய துணிதான் அவரவர் வயலுக்கு அடையாளம்.

மேற்கே வானம் மறுபடியும் இருண்டது. வாய்க்கால் கல்லில் யாரோ அரிவாள் தீட்டும் ஓசை விடாமல் கேட்டது.

நிலத்துக்காரர் திருமூர்த்தி வரப்பில் வந்து நின்றார். குரலில் என்றும் இல்லாத கனிவு.

“ஏன் அம்மணி, எதுக்கு இத்தனை பாடு? இன்னைக்குச் சேதம் பாக்க ஆபீசருங்க வாராங்க. முழு வயலும் விழுந்திருந்தாத்தான் முழு நிவாரணம். நிக்கறதையும் வெட்டிச் சாச்சுப்போடு.”

“தார் முத்த இன்னொரு மாசந்தானுங்க பண்ணாடி.”

“அதுக்குள்ள இன்னொரு காத்து அடிக்காதா? கம்புல கட்டுன துணியெல்லாம் அவுத்துப்போடு. கேட்டா, கூலிக்கு வந்தேன்னு சொல்லு. பட்டா எம்பேர்ல இருக்குது, பணமும் எம்பேருக்குத்தான் வரும். உனக்குண்டானதைத் தராமயா போயிருவேன்?”

அவர் அடுத்த வயலுக்கு நடந்தார். பழகிய பணிவு அறிவை முந்திக்கொண்டது. சாமியாத்தாள் அரிவாளை எடுத்து ஒரு மரத்தை வெட்டினாள். பிஞ்சுத் தார் சேற்றில் புதைந்தது. பச்சைத் துணி வெறுங்கம்பில் தொங்கியது. அப்போதுதான் உறைத்தது. இன்று கூலிக்காரி என்று சொல்லும் வாய், நாளை இந்த வயலை விடமாட்டேன் என்று எப்படிச் சொல்லும்?

செங்கோடன் வரப்பேறி வந்தார்.

“ஒரு கதை கேளு அம்மணி. காத்துல கூடு கலைஞ்ச குருவிக்கெல்லாம் ராசா சுள்ளி தரப்போறாருன்னு சேதி வந்துதாம். மரம் என்னுதுன்னு உக்காந்திருந்த வல்லூறு சொல்லுச்சாம், ‘கலையாத கூட்டையும் கலைச்சுப்போடுங்க, சுள்ளியை நான் வாங்கித் தாரேன்’னு.”

“குருவிங்க கலைச்சுதுங்களா?”

“ஒண்ணு கலைச்சுப்போட்டு முழிச்சுக்கிட்டு நிக்குது.”

சாமியாத்தாள் விழுந்த மரத்தைப் பார்த்தாள். “மத்த குருவிங்களைக் கூப்புடுங்கண்ணா.”

வெயில் ஏறுவதற்குள் குத்தகைக் குடும்பங்கள் எல்லாம் அவள் வயலில் கூடின. தீட்டும் ஓசை நின்றது. நிற்கும் வாழைகளை வெட்ட அரிவாளுடன் வந்த ஆட்களுக்கு முன்னால் திருமூர்த்தி நடந்து வந்தார்.

“என்ன கூட்டம்? நாளைக்கு வயல் வேண்டாமா?”

“வேணுமுங்க. அதுக்குத்தான் நிக்கறோம்,” என்றாள் சாமியாத்தாள். “விழுந்ததை விழுந்துதுன்னு சொல்லுவோம். நிக்கறதை நிக்குதுன்னு சொல்லுவோம். பாடுபட்டது யாருன்னும் சொல்லுவோமுங்க.”

“அடுத்த போகத்துக்கு இங்க எவன் கால் வெக்கறான்னு பாக்கறேன்.”

யாரும் நகரவில்லை.

வாய்க்கால் கரையில் அதிகாரிகள் வரும் ஜீப்பின் புழுதி தெரிந்தது. அதற்கு முன்பே காற்று வந்துவிட்டது. வாழைகள் முறுகிச் சாய்ந்தன. ஆளுக்கொரு மரத்தில் தோளை முட்டுக்கொடுத்தார்கள். செங்கோடனின் மனைவி மஞ்சள் சீலையைக் கிழித்துச் சாமியாத்தாளின் கம்பில் இறுக்கிக் கட்டினாள். எது யாருடைய துணி என்று அப்போது எவரும் பார்க்கவில்லை.