நாக்குக்குத் தெரிந்த வைன்

நான்கு மாதமாக எனக்கு வாசனை தெரியவில்லை. ஒரு காய்ச்சல் வந்து, போகிறபோது அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. வைன் தேர்ந்தெடுப்பதுதான் என் வேலை என்பதால் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. ஓட்டல் அவருடைய அக்காவுடையது. அந்த அண்ணிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேறு ஆளை வைத்துவிடுவார். ஏற்கெனவே நான் வாங்கிய இரண்டு வைன்களை வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் இந்த முறை வைன் வாங்க அண்ணியே கார் ஓட்டிக்கொண்டு கூட வந்தார்.

பாலத்தை அடைத்திருந்ததால் மலைப்பாதையில் சுற்றினோம். திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் வைன் பாட்டில்கள் அடுக்கிய ஒரு தகரக் கொட்டகை தெரிந்தது. நிறுத்தினோம்.

தோட்டக்காரர் போன வருடத்துப் பாட்டில் ஒன்றைத் திறந்தார். தக்கை இல்லை, சோடா மூடி. உள்ளே ஒரே கலங்கல்.

"அரிசி கழுவின தண்ணி மாதிரி இருக்கே" என்றார் அண்ணி.

நான் குடித்தேன். நுரை நாக்கைக் குத்தியது. புளிப்பு தாடையைப் பிடித்தது. கடைசியில் லேசாக உப்பு. நான்கு மாதத்தில் என் வாய்க்கு உயிரோடு வந்த முதல் வைன் அதுதான். கண் கலங்கிவிட்டது. நுரை மூக்கில் ஏறிவிட்டதென்று சமாளித்தேன்.

"இதுல எதையும் சேர்க்கறதில்ல" என்றார் தோட்டக்காரர். "சாறு புளிச்சு முடியறதுக்குள்ள அடைச்சிடுவேன். மிச்சம் பாட்டிலுக்குள்ள புளிச்சு நுரையாகும். இனிப்பு அதிகமா இருக்கறப்பவே அவசரப்பட்டு அடைச்சா வெடிக்கும்." புருவத்தின் மேலிருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "இந்த வருஷத்துது தொட்டியில இருக்கு. இனிப்பை அளக்கற கருவி நேத்து உடைஞ்சுபோச்சு. எனக்கோ ஜலதோஷம், நாக்குல ஒண்ணும் ஏறல. நீங்க தொழில் தெரிஞ்சவங்க. அடைக்கலாமான்னு சொல்லுங்க."

அண்ணி என்னையே பார்த்தார். தொட்டியிலிருந்து அவர் பிடித்துத் தந்த டம்ளருக்குள் நான் மூக்கை விட்டு, பழைய பழக்கத்தில் கண்ணை மூடினேன். ஒன்றுமில்லை. தயங்கினால் அண்ணியிடம் மாட்டிக்கொள்வேன் என்று, வாயில் ஒரு சொட்டுகூட வைக்காமல், "அடைக்கலாம்" என்றேன்.

வேலை தொடங்கிவிட்டது. அவர் நிரப்பினார். அவருடைய மருமகள் மூடி அழுத்தினாள். எட்டு மாத வயிறு. பாட்டில்களை அந்த வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள்.

"இனிமே தினம் இவதான் கீழ போய் ஒவ்வொண்ணா திருப்பி வைப்பா. கை ராசி" என்றார் அவர்.

ஏழு, எட்டு என்று மூடி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் வேலை பெரிதா, அந்தப் பெண்ணின் முகம் பெரிதா?

"நிறுத்துங்க" என்றேன். "எனக்கு வாசனையே தெரியாது. நாலு மாசமா. சும்மா சொன்னேன்."

தோட்டக்காரர் குழாயை மூடினார். திட்டுவார் என்று நின்றேன்.

"இனிப்பு தெரியுமா?"

"தெரியும்."

தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து, அளந்து சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார். "அடைக்கறப்ப இவ்வளவு இனிப்புதான் இருக்கணும்."

இதில் ஒரு வாய், தொட்டிச் சாற்றில் ஒரு வாய். மூன்றாவது முறையில் சந்தேகமே இல்லை.

"சாறு ரொம்ப இனிக்குது. வெடிச்சிருக்கும்."

அவர் மருமகளைக் கூப்பிட்டார். அவள் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்த எட்டு பாட்டில்களையும் திறந்து தொட்டியில் ஊற்றினார்.

கார் மலை இறங்கியதும் அண்ணி கேட்டார்.

"திரும்பி வந்த அந்த ரெண்டு வைனும்?"

"வாசனை தெரியாமத்தான் வாங்கினேன் அண்ணி."

"மருமக வயித்தைப் பார்க்கலேன்னா இதையும் மறைச்சிருப்ப."

ஆமாமென்று தலையாட்டினேன்.

"நாளையிலேர்ந்து உனக்கு இந்த வேலை கிடையாது" என்றார். தோட்டக்காரர் கொடுத்து என் மடியிலிருந்த போன வருடத்துப் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "இது மட்டும் நம்ம ஓட்டல் பட்டியல்ல இருக்கட்டும். நீ பொய் சொல்லாமக் குடிச்சது இது ஒண்ணுதான்."