மச்சான் வீட்டு மேடு

கண்ணாடிக்கடைக்காரரின் மானம் கப்பலேறியது மச்சான் வீட்டு மேட்டில்தான். மனைவியின் தம்பி வீடு கட்டியிருந்த இடம் அப்படி. கேட்டுக்குப் போகும் சாலை விறுவிறுவென்று ஏறும். பாதி மேட்டில் காரின் கிளட்ச் வழுக்கிவிட்டது. எஞ்சின் காட்டுக்கத்தல் கத்தியது, கார் நகரவில்லை. குடும்பமே இறங்கித் தள்ளியது. மச்சான் கைகொடுக்க வந்தானா? மாடியில் தேநீர்க் கோப்பையோடு நின்று, "மாமா, காரை வீட்டுலயே விட்டுட்டு நடந்திருந்தா இந்நேரம் வந்து சேர்ந்திருப்பீங்களே!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவரைத் தூங்கவிடவில்லை. அதை அடக்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார். சாதாரண கிளட்ச் போதுமா? பந்தயக் காருக்குப் போடுகிற ரகத்தை வரவழைத்தார்.

மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி, கருகிய பழைய தட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினார். "சார், இது முரட்டுச் சாமான். கொஞ்ச வாரம் ஊருக்குள்ளயே நின்னு நின்னு மெதுவா ஓட்டுங்க. உரசி உரசித்தான் தட்டு படியும். அதுக்குள்ள வேகம் காட்டினா கருகிடும்."

மெதுவாக என்பது நம்மவர் ஜாதகத்திலேயே கிடையாது. முதல் சிக்னலிலேயே கார் தவளைபோலத் துள்ளியது. பக்கத்தில் இருந்த மனைவிக்குத் தலை கண்ணாடியில் முட்டாத குறை.

"சாவியைக் குடுங்க. படியற வரைக்கும் நான் ஓட்டுறேன்" என்றாள். அவள் தையல்காரி, தைத்த துணிகளை வீடுவீடாகக் கொடுக்கப் போகிறவள். அவரும் மகிழ்ச்சியாகக் கொடுத்தார். பழக்குவது அவள், பேர் வாங்குவது நான் என்று மனக்கணக்கு.

"கிளட்ச் எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்பார்.

"பெடல் கல்லு மாதிரி இருக்கு. காலைத் தூக்கும்போது கடைசியிலதான் சட்டுனு பிடிக்குது. தையல் மெஷின் பெடல் மாதிரி, துளித்துளியா விடணும்."

"எனக்குத் தெரியாதா?" என்பார். தெரியாது.

தட்டு படிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, மச்சான் வீட்டுக்கு அவரே ஓட்டினார். சும்மா ஏறினால் போதாதென்று, பாதி மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தி, ஹார்ன் அடித்து மச்சானை மாடிக்கு வரவழைத்தார். பிறகு கம்பீரமாகக் காலைத் தூக்கினார்.

கார் ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடியும் அதே கதை. பின்சீட்டில் மகள் மடியிலிருந்த பழக்கூடை கவிழ்ந்தது.

"மாமா, தள்ளணுமா?" மேலிருந்து குரல் வந்தது.

அவருக்கு அழுகை வராத குறைதான். மனைவி இறங்கிச் சுற்றி வந்தாள். "நகருங்க." அவ்வளவுதான் சொன்னாள். கார் பூப்போல ஏறிக் கேட்டருகே நின்றது.

மச்சான் சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தான். "அக்கா, மாமாவுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் குடு. எங்க, சாவியைக் குடு. எப்படி ஓட்டுறதுன்னு நான் காட்டுறேன்."

துளித்துளியா விடணும் என்ற வார்த்தை கண்ணாடிக்கடைக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

மச்சான் காரைக் கீழே கொண்டுபோய்த் திருப்பி, பாதி மேட்டில் நிறுத்திக் கை வேறு ஆட்டினான். காலைத் தூக்கினான். கார் குதித்து அணைந்தது. மறுபடியும் அணைந்தது.

நம்மவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினார். மச்சான் வைத்துவிட்டுப் போன தேநீர் இன்னும் சூடாகவே இருந்தது. ஒரு வாய் குடித்தார்.

"மச்சான், தள்ளணுமா?"

கெட்டுப்போன தூக்கமெல்லாம் வட்டியோடு திரும்பியதுபோல அத்தனை சந்தோஷம் அவருக்கு.

"ரசிச்சது போதும், கீழ வாங்க!" மனைவி அதற்குள் காரருகே போயிருந்தாள். தம்பியைப் பின்சீட்டுக்குத் துரத்திவிட்டு, வந்து சேர்ந்த கணவனையும் அவன் பக்கத்திலேயே ஏறச் சொன்னாள்.

"இப்பச் சொல்லுங்க. யாருக்கு முதல்ல கத்துக் குடுக்கணும்?"

மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.