எட்டாத கரைக்கு ஓர் அஞ்சலி

பெங்காவின் கையில் இரண்டு வெள்ளைச் செவ்வந்திகள் இருந்தன. மூன்றாக இருந்தால் யாருக்கோ பிறந்தநாள் என்று எண்ணிக்கொள்ளலாம். இரட்டைப்படையில் பூ எடுத்துப்போவது சாவு வீட்டுக்கு மட்டும்தான். ரொட்டி வாங்கக் கிளம்பி வாசலுக்கு வந்த டோப்ரி கல்பாகோவ், அந்தப் பூக்களைப் பார்த்ததும் தெருவில் யார் படுக்கையில் கிடந்தார்கள் என்று யோசித்தார்.

"அண்ணே..." பக்கத்து வீட்டுப் பெங்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடவுள் அவனை மன்னிக்கட்டும். நேத்துகூட ஜன்னல்ல நின்னானே. நான் கண்ணால பாத்தேனே."

"யாரைச் சொல்றே?"

அவள் வெளிக்கதவைக் காட்டினாள்.

கதவில் கறுப்புக் கரை போட்ட அஞ்சலித் தாள் ஒட்டியிருந்தது. ஸ்லிவென் ஊரில் அப்படிப்பட்ட தாள் இல்லாத சுவரோ மின்கம்பமோ கிடையாது. எல்லோரும் நடந்தபடியே அவற்றைப் படித்துவிட்டுப் போவார்கள். இந்தத் தாளின் மேலே சிலுவை இருந்தது. நடுவில் ஒரு முகம். தாடியும் இடப்புருவத்தை வெட்டிக்கொண்டு ஓடும் தழும்புமாக, சந்தேகமில்லை, அவருடைய மகன் யாவோரின் முகம்தான். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் கல்பாகோவ் என்று போட்டிருந்தது.

டோப்ரிக்கு எழுபத்து நான்கு வயது. ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தீப்பிடித்த இடத்தைத் தவிர வேறெங்கும் ஓடாத மனிதர். காலணியோடு யாரையும் வீட்டுக்குள் விடமாட்டார். அவரே இப்போது பளபளப்பாகத் துடைத்த காலணியோடு மாடிப்படிகளில் ஓடினார்.

யாவோர் மேசை முன் உட்கார்ந்து, ஆறிப்போன காபியில் பிஸ்கோத்தைத் தோய்த்துக்கொண்டிருந்தான். தகப்பனின் காலைத்தான் முதலில் பார்த்தான்.

"என்னப்பா, ஷூவோட வந்திருக்கீங்க?"

டோப்ரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ திட்ட வேண்டும்போல் இருந்தது. பிஸ்கோத்து ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுவதையும், மகன் அதைக் கரண்டியால் தேடுவதையும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார். கோபம் அதற்கு அப்புறம்தான் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை முழுவதும் படித்தார்.

"எட்டாத கரை. எட்டு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்து, தன்னைப் படைத்தவரின் மூன்று வரி அறிவிப்பால் காலமானது. ஆழ்ந்த துயரில், திரும்பி வராத கப்பல்களின் மாலுமிகள். இன்று நண்பகல் இதே வாசலில் நினைவுக் கூட்டம்."

விஷயம் புரிந்தது. எட்டாத கரை என்பது யாவோர் தனியாளாக உட்கார்ந்து செய்த கணினி விளையாட்டு. விண்வெளியில் அணைந்துகொண்டிருக்கும் ஒரு சூரியனைச் சுற்றி மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் எரிபொருளும் கொண்டுபோகும் கப்பல் கூட்டத்தை ஆடுபவர் நடத்த வேண்டும். சண்டையே கிடையாது. எந்தக் கப்பலை எப்போது அனுப்புவது, யாரைக் காக்க வைப்பது, யாரைக் கைவிடுவது, இவ்வளவுதான். ஓவியருக்குக் கொடுக்கப் பணமில்லாததால் விளையாட்டில் வரும் கப்பல் தளபதியின் முகத்துக்கு யாவோர் தன் முகத்தையே வைத்து வரைந்துவிட்டான். அப்போது வேறு வேலையில் இருந்ததால் நிறுவனத்தைத் தகப்பன் பெயரில், வீட்டு முகவரியிலேயே பதிவு செய்தான். பெயர்ப்பலகைக்கு டோப்ரி குடும்பப் பெயரையே கொடுத்தார். விளையாட்டைத் திறந்தால் கறுப்பு வானத்தில் முதலில் எழும்புவது கல்பாகோவ் என்ற பெயர்தான். டோப்ரிக்கு அதை ஆடத் தெரியாது. அந்த ஒரு காட்சியை மட்டும் மாடிக்குப் போய் எத்தனையோ முறை போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் யாவோர் இனி முடியாது என்று இணையத்தில் மூன்று வரி எழுதிப் போட்டுவிட்டான். மூன்றாம் பாகம், அதாவது போன கப்பல்கள் வீடு திரும்பும் பாகம், வரவே வராது. அவன் நகராட்சித் தண்ணீர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஐந்து மணிக்கு விட்டுவிடுவார்கள் என்று அவன் சொன்னபோது, அது ஒரு தகுதியா என்று டோப்ரி கேட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைந்துபோனது.

"யாரும் சாகல," என்றார் பெங்காவிடம். "ஒரு விளையாட்டு செத்துப்போச்சு."

"கம்ப்யூட்டர்லயா?"

"கம்ப்யூட்டர்லதான்."

"அட கடவுளே, நான் அழுதுட்டேனே! அப்ப இந்தப் பூவை என்ன பண்றது?"

"ஒண்ணைப் பிச்சு எறிஞ்சுட்டு மத்ததை வீட்ல வை."

இதையே அன்று காலை முழுக்க ஆளாளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ரொட்டிக்கடைக்காரர் கடையைப் பாதியில் விட்டு வந்தார். பழைய தீயணைப்பு வீரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, செய்தி கேட்டதும் திரும்பப் போட்டுக்கொண்டு போனார். சொல்லிச் சொல்லி டோப்ரிக்கு நா வறண்டது. தாளைக் கிழிக்கலாம் என்றால், தெரு முழுக்கப் பார்த்த பிறகு கிழிப்பது பயந்ததுபோல் ஆகிவிடும். ஒட்டியவர்கள் கையாலேயே உரித்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டார்.

நண்பகலில் ஐந்து பேர் வந்தார்கள். முரடர்கள் வருவார்கள் என்று காத்திருந்தவர் முன்னால் நின்றவர்கள், ராத்திரிப் பேருந்தில் வந்து தூக்கம் கெட்ட முகத்தோடு இருந்த குடும்பஸ்தர்கள். முன்னால் நின்ற பெண் ஸ்லாவீனா, பூர்காஸ் நகரில் மருந்துக்கடை வைத்திருப்பவள். அவள் கையில், இழவுக்குப் படைக்கும் சர்க்கரை தூவிய அவித்த கோதுமைக் கிண்ணம் இருந்தது. பக்கத்தில் ரூமென் என்ற பருத்த லாரி ஓட்டுநர். மற்ற மூவரும் வேலியை ஒட்டி நின்றார்கள்.

"ஐயா, நாங்க தப்பா எதுவும்..." என்று ஸ்லாவீனா தொடங்கினாள்.

"உள்ள வாங்க. செத்த வீட்டுக்கு வந்தவங்களை வாசல்ல நிக்க வைக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல."

திராட்சைக் கொடியின் கீழ் மேசை போட்டு, ராக்கியா என்ற பழச்சாராயத்தை ஊற்றினார். உப்பில் ஊறிய மிளகாயும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தார். ரூமென் பழக்க தோஷத்தில் தன் கோப்பையைப் பக்கத்துக் கோப்பையோடு முட்டப் போனான்.

"முட்டக்கூடாது," என்றார் டோப்ரி. "இழவுக்குத்தானே வந்தே? இழவுல கோப்பையை முட்டுவாங்களா? முதல் சொட்டைத் தரையில ஊத்து."

ரூமென் முகம் சிவக்க ஊற்றினான். எல்லோரும் ஊற்றினார்கள்.

"என் மகன் படத்தைப் போட்டிருக்கீங்க. கீழே எங்க பேரு. பக்கத்து வீட்டம்மா காலையில என் கையைப் பிடிச்சு அழுறா. நான் மாடிக்கு ஓடினேன். என் வயசுல ஓடினேன்."

யாரும் நிமிரவில்லை.

"எங்களுக்கு அது தளபதி முகம் ஐயா," என்றாள் ஸ்லாவீனா மெல்ல. "அவர் முகம்னு சத்தியமா தெரியாது. அவரை நாங்க பாத்ததே இல்ல. படத்துக்குக் கீழே எப்பவும் இருக்கிற பேரைத்தான் போட்டோம். தமாஷ்னு நெனச்சோம்."

"நான் அப்பவே சொன்னேன், வீட்டுக் கதவுல வேணாம், கம்பத்துல ஒட்டலாம்னு," என்றான் ரூமென்.

"நீ சொல்லவே இல்ல. பசை டப்பாவைப் பிடிச்சுட்டு நின்னதே நீதான்."

டோப்ரி தன் கோப்பையை நகர்த்தி வைத்தார். "சரி. எதுக்கு வந்தீங்க?"

அதற்குத்தான் காத்திருந்ததுபோல் ரூமென் பொரிந்து தள்ளினான். "நியாயமா ஐயா? எவனோ ஒருத்தன் ஒரு மணி நேரம் ஆடிட்டு, 'சண்டையே இல்ல, தூக்கம் வருது'ன்னு எழுதிட்டான். அதை நம்பி உலகமே ஒதுக்கிருச்சு. ஒரு மணி நேரத்துல என்ன தெரியும்? முதல் கப்பல்ல பெட்டி ஏத்தி முடிக்கவே அவ்வளவு நேரம் ஆகும்!"

"அதை வெளியில பெருமையா சொல்லித்தான் யாரும் வாங்கறதில்ல," என்றாள் ஸ்லாவீனா.

"நான் எல்லையில லாரி வரிசையில ரெண்டு நாள் மூணு நாள் நிக்கறவன். எனக்குன்னே பண்ண மாதிரி இருந்துச்சு. என்னை மாதிரி காத்துக் கிடக்கறவனுக்கு ஒரு விளையாட்டு. நானூறு கப்பல் அனுப்பிட்டேன் ஐயா. ஒண்ணுகூடத் திரும்பி வரல. திரும்பற வழியே இன்னும் போடல. நடுவழியில நிக்குது எல்லாம்."

வெளியில் காட்டாவிட்டாலும் டோப்ரியின் மனம் இவர்கள் பக்கம்தான் சாய்ந்திருந்தது. கல்பாகோவ் வீட்டில் எவரும் அரைகுறையாக விட்டதில்லை. தணல் முழுவதும் குளிராமல் தீயிடத்தை விட்டு அவர் வந்ததில்லை. அனுப்பிய கப்பல் திரும்ப வேண்டாமா? இதைத்தான் அவர் மகனிடம் எட்டு ஆண்டுகளாகச் சாப்பாட்டு மேசையில் கேட்டார், குளியலறை வாசலில் கேட்டார்.

"யாவோர்! கீழ வா," என்று கூப்பிட்டார். "உன் மாலுமிங்க வந்திருக்காங்க."

யாவோர் படியிறங்கி வந்தான். ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். தளபதி வெளிறிப்போய், ஒரு பக்கம் தேய்ந்த செருப்போடு வந்து நிற்பதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ரூமென் கை கொடுக்க வந்தவன், என்ன தோன்றியதோ, கையை இழுத்துக்கொண்டான்.

"உக்காருங்க," என்றான் யாவோர். "உங்க கடிதாசி எல்லாத்தையும் படிச்சிருக்கேன். நல்ல மனசு உங்களுக்கு. ஆனா என்னால முடியாது."

"கொஞ்சம் ஓய்வெடுத்துட்டு..." என்றாள் ஸ்லாவீனா.

"ஓய்வெடுத்தா முடியும்னு நானும் நெனச்சேன். போன வருஷம் கடலுக்குப் போனேன். கரையில உக்காந்து எரிபொருள் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். திருப்பி அந்தத் திரையைத் திறந்தா வாந்தி வருது. பொய்யில்ல, நெஜமாவே வருது."

டோப்ரிக்கு இது புதுச் செய்தி. காலையில் கோப்பைக்குள் பிஸ்கோத்தைத் தேடிய கை இப்போது மேசைமேல் சும்மா கிடந்தது.

ஸ்லாவீனா மற்றவர்களைப் பார்த்தாள். பேருந்திலேயே பேசி வைத்திருப்பார்கள் போலிருந்தது. "அப்ப எங்ககிட்ட குடுத்துருங்க. எங்க கூட்டத்துல நாலஞ்சு பேருக்கு நிரல் எழுதத் தெரியும். நாங்க தொடர்ந்து செய்யறோம். விக்க மாட்டோம், சும்மாதான் குடுப்போம்."

"என்ன பேச்சு இது!" டோப்ரியின் முதுகு நிமிர்ந்தது. "குடும்பச் சொத்தைத் தெருவுல போறவங்ககிட்ட தூக்கிக் குடுக்கறதா? நிறுவனம் என் பேர்ல இருக்கு. முத்திரை என்கிட்ட இருக்கு. அதுக்கு அந்த விளையாட்டு செத்தே போகட்டும்."

"அப்பா, குடுத்துருங்க."

"டேய்!"

"குடுத்துருங்கப்பா. அவங்களாவது செய்யட்டும்."

வேலிக்கு அப்பால் பெங்கா செடிக்குத் தண்ணீர் விடும் பாவனையில் ஒரே தொட்டிக்கு ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் டோப்ரி, விட்டுக்கொடுப்பதிலும் ஒரு முறை வேண்டும் என்ற குரலில் சொன்னார்: "அப்ப ஒரு நிபந்தனை. முதல்ல வர்ற பேரு அப்படியே இருக்கணும். யார் கை வச்சாலும், செஞ்சது கல்பாகோவ்னு இருக்கணும்."

"அது எங்க கடமை ஐயா," என்றாள் ஸ்லாவீனா உடனே.

"வேணாம்," என்றான் யாவோர். "பேரை எடுத்துருங்க."

டோப்ரி மகன் பக்கம் திரும்பினார்.

"பேர் இருந்தா எது கெட்டாலும் என்கிட்டதான் வருவாங்க. அவங்க ஏதாவது தப்பாச் செஞ்சா கல்பாகோவ் கெடுத்துட்டான்னு கடைத்தெருவுல உங்ககிட்ட யாராவது சொல்லுவாங்க. நீங்க மாடி ஏறி வந்து என்னைக் கேப்பீங்க. கேக்காம உங்களால இருக்க முடியாதுப்பா." அவன் குரலில் கோபம் இல்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னான். "கப்பலையும் முகத்தையும் அவங்களே வச்சுக்கட்டும். பேர் மட்டும் இருந்தா நான் மறுபடி அந்த நாற்காலிக்குப் போயிருவேன். எனக்குத் தெரியும்."

அவமானத்தில் பல வகை உண்டு. ஊர் முன்னால் தலை குனிவது ஒன்று. பெற்ற பிள்ளை தன் பெயரைச் சுமக்க முடியாமல் இறக்கி வைப்பதைப் பார்ப்பது வேறொன்று. முதலாவதற்குக் கோபப்பட்டால் போதும். இதற்கு என்ன செய்வதென்று டோப்ரிக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. மறுக்கலாம். முத்திரை அவர் சட்டைப்பைக்குள் இருக்கிறது. மறுத்தால் பெயர் இருக்கும். வானத்தில் எழும்பும். மகன் மறுபடி அந்த நாற்காலியில் உட்காருவான்.

"எழுதுங்க," என்றார்.

ஸ்லாவீனா தாள் எடுத்து எழுதினாள். டோப்ரி படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினார். உரிமை முழுவதும் அவர்களுக்கு, குடும்பப் பெயரை எங்கும் போடக் கூடாது என்ற வரியைத் தன் கையாலேயே எழுதினார். பிறகு வட்ட முத்திரையை எடுத்து ஊதி, அழுத்திக் குத்தினார். முத்திரை தெளிவாகவே விழுந்தது.

கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அந்த ஐந்து பேருக்கும் பயம் வந்தது. ரூமென் தலையைச் சொறிந்தான். "அந்தத் தண்ணிக் கப்பல் மூணாம் நிலவுகிட்ட போனா மாயமாயிருதே, அது ஏன்?"

"தெரியல," என்றான் யாவோர். "நாலு வருஷமா தேடறேன். இனிமே நீங்க தேடுங்க."

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அதைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று டோப்ரிக்கு நினைவில்லை. கோதுமையைப் பங்கு வைத்துச் சாப்பிட்டார்கள். போகும்போது தாளை அவர்களே ஈரத்துணி வைத்து உரித்தார்கள்.

இலை உதிரும் காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை டோப்ரி முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது பெங்கா வேலியருகே வந்தாள்.

"அந்தக் கப்பல்லாம் திரும்பி வந்துச்சாண்ணே?"

"இன்னும் வரல. இப்ப அது அவங்க கவலை."

"யாவோரைக் கண்ணுலயே காணோமே?"

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். முக்கியமான வேலையில் இருக்கிறான் என்பார். டோப்ரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். நிமிர்ந்தபோது முதுகு வலித்தது.

"தூங்கறான்."

"மணி பன்னெண்டாச்சேண்ணே!"

"தெரியும்," என்றார். "மெதுவாப் பேசு."