"ஸ்டேபிள்"னு சொன்னான்

என் தம்பியைக் கண்டாலே எனக்கு ஆகாது. கூடப் பிறந்தவன்தான், ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவன்தான், இருந்தாலும் ஆகாது. வீட்டுல அவனுக்கு 'மேதை'ன்னு பேரு. ஏழு வயசுல அம்மா வச்சாங்க. அம்மா அதை வாய் நிறையக் கூப்பிடுவாங்க, நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்.

நான் இதய வார்டுல டாக்டர். அவன் யுனிவர்சிட்டியில கணித இயற்பியல். இதயத்துல மின்சார அலை எப்படிப் பரவுதுங்கிறதுக்கு ஒரு சமன்பாடு இருக்கு. எட்டு வருஷமா அதோடதான் குடும்பம் நடத்துறான், கல்யாணப் பேச்சு எடுத்தா எழுந்து போயிடுவான். விஷயம் இதுதான்: ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு இதயச் சதையில கொஞ்சம் செத்துப்போய் தழும்பாயிடும். நேரா ஓடவேண்டிய அலை சில பேருக்கு அந்தத் தழும்பைச் சுத்திச் சுத்தி வர ஆரம்பிச்சிடும். அப்ப இதயம் கன்னாபின்னான்னு அடிக்கும், அப்புறம் வெறுமனே நடுங்கும், அஞ்சு பத்து நிமிஷத்துல ஆள் போயிடுவாங்க. யாரோட தழும்புல அப்படிச் சுத்தும்னு ஸ்கேன் படத்தை வச்சு முன்கூட்டியே சொல்ல முடியும்னு மேதை போன வருஷம் நிரூபிச்சான். எங்க பெரிய டாக்டர் அதைப் பார்த்துட்டு, எங்க ஆஸ்பத்திரியும் அவன் யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஆராய்ச்சின்னு ஆரம்பிச்சிட்டாரு. நடுவுல பேச ஒரு ஆள் வேணுமாம். என்னைத்தான் போட்டாரு. என் தலையெழுத்து.

முதல் மீட்டிங்குல பன்னெண்டு பேர். மேதை திரையில ஒரு படம் போட்டான். நான் சாதாரணமா, "இதுல சிவப்பு எது, நீலம் எது?"ன்னு கேட்டேன். சிரிச்சான். "இதுகூடத் தெரியாமலா அக்கா ஆராய்ச்சிப் பேப்பர்ல பேரு போட்டுக்கப் போறே?" அறையே சிரிச்சுது, பெரிய டாக்டர் உட்பட. பதினஞ்சு வருஷமா உயிரைக் காப்பாத்துறவ நான். இவன் இதுவரைக்கும் ஒரு ஊசி போட்டிருப்பானா? அன்னைக்கே முடிவு பண்ணேன், இனிமே செத்தாலும் இவன்கிட்ட ஒரு கேள்வி கேட்க மாட்டேன்னு. அதுக்கப்புறம் எங்களுக்குள்ள மெசேஜ்தான். ஸ்கேன் அனுப்பியாச்சு. வந்துடுச்சு. சரி. அவ்வளவுதான் பேச்சு.

இப்படி மூணு மாசம் ஓடினப்பதான் அப்பாவைக் கொண்டுவந்து என் வார்டுலயே சேர்க்க வேண்டியதாச்சு.

அப்பா ரிடையரான பஸ் டிரைவர். ரெண்டு வருஷம் முன்னாடி அட்டாக் வந்து தப்பிச்சவரு. போன வாரம் படபடப்புன்னு சொன்னாரு. மானிட்டர்ல போட்டுப் பார்த்ததுல, ஒரு தடவை நாலு செகண்ட் இதயம் தறிகெட்டு ஓடி தானா நின்னுச்சு. நெஞ்சுல ஒரு கருவி வச்சுட்டா, அடுத்த தடவை அது உள்ளேயிருந்தே ஷாக் கொடுத்து நிறுத்திடும். ஆனா வைக்கிறதுக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. இதயம் ரத்தத்தைத் தள்ளுற பலம் முப்பத்தஞ்சு சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். அப்பாவுக்கு முப்பத்தாறு. பெரிய டாக்டர் தாடையைச் சொறிஞ்சாரு. அப்பா ஒரே பிடியா, "நெஞ்சுக்குள்ள பேட்டரி வச்சுக்க நான் என்ன டார்ச் லைட்டா?"ன்னுட்டாரு.

"சரி, உன் தம்பி கணக்கு என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்"னாரு பெரிய டாக்டர்.

ஸ்கேனை அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் மேதை போன் பண்ணினான். மெசேஜ் இல்ல, போன்.

"அப்பாவோடதைப் போட்டுப் பார்த்துட்டேன்"னான். "ஸ்டேபிள். நூறு தடவை தட்டிப் பார்த்தேன். ஸ்டேபிள்தான்."

குரல் ஒரு மாதிரி கம்மியிருந்துச்சு. நல்ல சேதி சொல்றவன் குரல் இப்படியா இருக்கும்னு எனக்குத் தோணுச்சு. பொய் சொல்ல மாட்டேன், தோணுச்சு. "எது ஸ்டேபிள்?"னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கூடவே அந்த மீட்டிங் அறையும் வந்துச்சு, பன்னெண்டு பேர் பல்லும் வந்துச்சு. "சரி"ன்னு சொல்லி வச்சிட்டேன்.

வார்டுல அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு அம்பது தடவை சொல்றோம். "எட்டாம் நம்பர் எப்படி?" "ஸ்டேபிள்." அப்படின்னா ஆள் நல்லா இருக்காரு, பயம் இல்ல, நீங்க போய் டீ குடிக்கலாம். கேஸ் ஷீட்டுல, 'கணக்கு முடிவு: ஸ்டேபிள்'னு எழுதினேன். பெரிய டாக்டர் படிச்சாரு, தலையாட்டினாரு, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடலாம்னாரு.

மறுநாள் காலையில பத்து மணி. அப்பா நெஞ்சுல ஒட்டியிருந்த ஒயரையெல்லாம் சிஸ்டர் கழட்டிட்டாங்க. சட்டையை மாட்டி, ஷூ லேஸைக் கட்டி, பையை மடியில வச்சுக்கிட்டு நாற்காலியில ஜம்முனு உட்கார்ந்திருந்தாரு. நான் மருந்துச் சீட்டு எழுதிட்டிருந்தேன். மேதை உள்ளே வந்தான். அப்பா கால்ல இருந்த ஷூவைப் பார்த்ததும் அவன் முகத்துல ஈயாடல.

"எங்கேப்பா கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்குத்தான். நீதான் நான் நல்லா இருக்கேன்னு சொன்னியாமே! பொழச்சேன்டா."

மேதை என் பக்கம் திரும்பினான். "நேத்து போன்ல நான் என்ன சொன்னேன்?"

"ஸ்டேபிள்னு சொன்னே."

"அப்புறம் எதுக்கு அனுப்புறே?"

"ஸ்டேபிள்னா அனுப்பாம? மடியில போட்டுத் தாலாட்டச் சொல்றியா?"

"ஐயோ! அலை ஸ்டேபிள்க்கா! தழும்பைச் சுத்துற அந்த அலை! நூறு தடவை கலைச்சுப் பார்த்தேன், கலையவே இல்ல, திரும்பத் திரும்ப வந்து சுத்துது. அடுத்த தடவை ஆரம்பிச்சா தானா நிக்காதுன்னு அர்த்தம்!"

அந்த செகண்ட்ல நான் செய்ய வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணு. "அப்பா, படுங்க"ன்னு சொல்லி அந்த ஒயரை எடுத்துத் திரும்ப ஒட்டியிருக்கணும். எம்.டி. படிச்சவளுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனா என் வாயிலேருந்து வந்தது வேற.

"அதை முழுசா வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"சரின்னு சொல்லிட்டுப் படார்னு வச்சே! புரியலன்னா கேட்க வேண்டியதுதானே?"

"உன்கிட்டயா? கேட்டுட்டு ஊர் சிரிக்க நிக்கவா?"

"இன்னும் அதையே பிடிச்சுத் தொங்கிட்டிருக்கியா? அதுக்காக அப்பாவை..."

"நிறுத்துடா! அப்பாவைப் பத்தி நீ பேசாதே. அட்டாக் வந்தப்ப எங்கே இருந்தே? ஏதோ மாநாட்டுல அலை வரைஞ்சுட்டிருந்தே. தூக்கிட்டு ஓடினது நான்!"

"ஆரம்பிச்சிட்டியா? எதை எடுத்தாலும் அந்த ஒரு கணக்கு!"

"கணக்கு உன்னோடதுடா, மேதை!"

பக்கத்து கட்டில்காரங்க எழுந்து உட்கார்ந்து பார்த்தாங்க. சிஸ்டர் ரெண்டு தடவை "டாக்டர், டாக்டர்"னாங்க. அப்பாவும் ஏதோ சொன்னாரு. "டேய்..."னு கேட்டுச்சு. சின்னதா, மூச்சு வாங்குற மாதிரி.

"ஒரு நிமிஷம் இருங்கப்பா"ன்னோம். ரெண்டு பேரும் ஒரே குரலா. பிறந்ததுலேருந்து நாங்க சேர்ந்து சொன்னது அது ஒண்ணுதான்.

பை தொப்புனு விழுந்துச்சு. அப்பாவும் நாற்காலியிலேருந்து சரிஞ்சாரு.

மீதியெல்லாம் எனக்குத் துண்டு துண்டாத்தான் ஞாபகம். தரையில முட்டி போட்டு அப்பா நெஞ்சை அமுக்குறேன். சிஸ்டர் ஷாக் மெஷினைத் தள்ளிட்டு ஓடி வர்றாங்க. "எண்ணுடா!"ன்னு கத்துறேன். முப்பது வரைக்கும் எண்ணணும், அவ்வளவுதான். பக்கம் பக்கமா நிரூபணம் எழுதுறவனுக்குப் பதினேழுக்கு அப்புறம் பதினெட்டு வரல. "பதினேழு... பதினேழு..."ன்னு அழுறான். என் கைக்குக் கீழ ஒரு விலா எலும்பு உடைஞ்சுது, சத்தம் கேட்டுச்சு. முதல் ஷாக்ல ஒண்ணும் ஆகல. திரையில அந்த அலை கலையாம ஓடிட்டே இருந்துச்சு. இவன் சொன்ன மாதிரியேதான். ரெண்டாவது ஷாக்ல விட்டுச்சு.

சாயந்திரம் ஐ.சி.யு.ல கண்ணைத் திறந்தாரு. நான் குனிஞ்சேன்.

"சண்டையை நீங்களா நிறுத்தினீங்களா, நான்தான் நிறுத்தினேனா?"ன்னு கேட்டாரு.

விலா வலியில முகம் சுளிச்சுக்கிட்டு, "அந்தப் பேட்டரியை வச்சுத் தொலைங்க. உங்களை நம்ப முடியாது"ன்னாரு. கையெழுத்துப் போட்டுட்டாரு. மறுநாள் காலையில வைக்கிறதுன்னு முடிவாச்சு.

வெளியே வந்தேன். காரிடார்ல சுவரோரமா உட்கார்ந்திருந்த மேதை என்னைப் பார்த்ததும் எழுந்தான். கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு.

"எப்படி இருக்காரு?"

"ஸ்டே..."ன்னு தானா வந்துச்சு, பழக்க தோஷம். அப்படியே முழுங்கிட்டேன். "உயிரோட இருக்காரு. பேசுறாரு. நம்மளைத் திட்டுறாரு."

தலையாட்டினான். ரெண்டு பேரும் எதிர் எதிர் சுவர்ல சாய்ஞ்சு நின்னோம். எனக்கு அவன் மேல கோபம் இன்னும் அடங்கல. ஓங்கி ஒண்ணு விடலாமான்னு கை பரபரத்துச்சு. எனக்கும் சேர்த்துத்தான்.

"நேத்தே நீ கேட்டிருக்கலாம்க்கா"ன்னான் மெதுவா. "எது ஸ்டேபிள்னு ஒரே ஒரு வார்த்தை."

"கேட்டிருந்தா நீ சிரிச்சிருப்பே."

இல்லன்னு சொல்லுவான்னு நினைச்சேன். சண்டையைத் திரும்ப ஆரம்பிக்கத் தயாரா இருந்தேன். அவன் ஐ.சி.யு. கதவையே பார்த்துட்டு நின்னான்.

"ஆமாக்கா, சிரிச்சிருப்பேன்"னான்.