அவர் சொன்னதாகச் சொன்னது

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. பேண்ட் நீளத்தைக் குறைக்கப் போன இடத்தில் கிடைத்தது. தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "என்னைப் பத்தி ஆஸ்பத்திரியில கட்டுக் கட்டா எழுதி வெச்சிருக்காங்க சார். நான் மட்டும் படிக்கக் கூடாதாம்" என்றார். எழுதுகிறவனுக்கு வாய் ஊறாமல் இருக்குமா?

2

முதல் ஆரம்பம்: 'பிரசவத்துக்குப் பிறகு அவள் மனம் ஒரு…'

(வேண்டாம். அவர் மனத்தை நான் எங்கே பார்த்தேன்?)

நடந்ததையே சொல்கிறேன். பிள்ளை பெற்ற சில வாரங்களில் தூக்கம் போய், பேச்சு குழறி, மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். திரும்பி வந்தபோது மகள் இவருடைய அக்கா வீட்டில் இருந்தாள்.

"நீதானே டாக்டர்கிட்ட குழந்தை வேண்டாம்னு சொன்னே?" என்றார் கணவர். அக்காவும் அதையே சொன்னார். இவருக்கு அந்த நாட்களில் பாதி ஞாபகமில்லை. நம்பிவிட்டார். மகளும் அதை நம்பித்தான் வளர்ந்தாள். பெரியம்மாவைத்தான் அம்மா என்கிறாள்.

3

தான் உண்மையிலேயே அப்படிச் சொன்னோமா என்று பார்க்கத்தான் மருத்துவமனைக் கோப்பைக் கேட்டு அலைந்தார். "பழசைப் படிச்சா மறுபடி உடம்புக்கு வந்துடும்மா" என்று திருப்பி அனுப்பினார் அதிகாரி. (இந்த அதிகாரியை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை, அக்கறையாகத்தான் சொன்னாராம். அக்கறைதான் ஆளை ரொம்பப் படுத்துகிறது.) சட்டப்படி தனக்கு உரிமை உண்டு என்று எழுதிக் கொடுத்த பிறகு நகல் வந்தது. பல வரிகளில் கறுப்பு மை.

பதிவறை எழுத்தர் விளக்கினார்: "நீங்க சொன்னதை மறைக்க மாட்டோம்மா. மத்தவங்க உங்களைப் பத்திச் சொன்னதைத்தான் மறைப்போம். அது அவங்க ரகசியம்."

தையல்காரம்மா மை படாத வரிகளை மட்டும் படித்தார். தூக்கமில்லை என்கிறார். காதில் சத்தம் என்கிறார். பால் கட்டி வலிக்கிறது, குழந்தையைக் கொண்டுவரச் சொல்கிறார். மறுநாளும் குழந்தையைக் கேட்கிறார். அதற்கு மறுநாளும்.

குழந்தை வேண்டாம் என்ற வரி எங்குமே இல்லை.

4

எனக்கு ஒரு முடிவு வேண்டும்.

ஒன்று: கறுப்புக்கு அடியில் கணவர். (இறந்துவிட்டார், பழி போட வசதி.)

இரண்டு: அக்கா. பிள்ளையில்லாத அக்கா. கச்சிதமாகப் பொருந்துகிறது, அதனாலேயே பிடிக்கவில்லை.

மூன்று: மகள் நகலைப் படித்துவிட்டு ஓடி வந்து…

மூன்றையும் எழுதி அவரிடமே கொடுத்தேன். அவருக்குக் காட்டாமல் அவரைப் பற்றி எழுதியவர்கள் போதும்.

மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தார். துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து முதல் இரண்டையும் அடித்தார்.

"அக்காதான் சார் அவளுக்கு அம்மா. அவளுக்கு இருக்கிற ஒரு அம்மாவையும் நான் பிடுங்கவா?"

"அப்போ நகலை மகள்கிட்ட காட்டப் போறதில்லையா?"

"காட்டினா யார் சொன்னதுன்னு கேப்பா. காட்டலைன்னா, பெத்த பிள்ளையை வேண்டாம்னு சொன்னவளாவே செத்துப்போவேன்."

மூன்றாவதை அவர் அடிக்கவில்லை. இன்னொரு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நடக்கலையே சார். நடந்தா எழுதிக்கோங்க. பேரு மட்டும் யாருக்கும் போடாதீங்க. அவ நிறையப் படிப்பா."

5

ஆகவே முடிவு இல்லை. படிக்கிறவர் நீங்கள் அந்த மகளாக இருந்தால், யார் சொன்னது என்று கேட்காமல் ஒருமுறை தையல் கடைக்குப் போய் வாருங்கள். உங்களை அவர் தினமும் கேட்டிருக்கிறார்.